கிணற்றுத் தண்ணீர் சோதிக்கும் பெட்டி: ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்ததில்

இத்தனை வருடமும் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவை நம்பித்தான் கிணற்றுத் தண்ணீர் குடித்தோம். முக்கினால் லிட்டருக்கு 140, 150 மில்லிகிராம் என்று காட்டும். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம் என்பதால் நம்ம தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடும், அவ்வளவுதான். செப்டிக் டேங்கிலிருந்து கிருமி ஊறி வந்தால் அதற்குத் தெரியாது. போன வருடம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்த பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை இரண்டாயிரத்துச் சொச்சம்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில், குளத்துக்குக் கீழே. நடுவில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலை மண் அடித்து நிரப்பி மனையாக்கிவிட்டார்கள். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் முன்பு வயலில் பரந்து நின்று வடிந்த தண்ணீர், இப்போது தெருவழியாக செப்டிக் டேங்குகளையும் நனைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வருகிறது.

பெட்டியில் பி.எச்., குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட், மீதக் குளோரின் (கிருமியைக் கொன்ற பிறகும் தண்ணீரில் மிஞ்சி நிற்கிற குளோரின்) எல்லாம் பார்க்கலாம். பெரும்பாலும் மருந்தை ஊற்றி நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதுதான். குளோரைடுக்கு மட்டும் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும்வரை சொட்டு எண்ண வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் நைட்ரேட் நிறம் ஏமாற்றுகிறது, பகலில் முற்றத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் காசுக்கு மதிப்பு பெட்டியில் இருக்கிற கிருமி சோதிக்கும் பாட்டிலுக்குத்தான். கோடுவரை தண்ணீர் ஊற்றி, மூடி, அடுப்படியில் வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும், மலத்தோடு வருகிற கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஜூனில் வைத்தபோது கறுக்கவில்லை. ஐப்பசி மழையில் மறுகால் பாய்ந்த நாலாம் நாள் வைத்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் மை மாதிரி இருக்கிறது! பேனா அன்றைக்கும் 150-க்குள்தான் காட்டியது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஊற்றிய உடனே கறுத்தால் அது தண்ணீரிலேயே உள்ள கந்தக வாடையாலும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுத்த பாட்டிலில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டோம். மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று இதே பெட்டியில் பார்த்துக்கொண்டோம், குடிக்கிறதை நன்றாகக் கொதிக்க வைத்தோம்.

அப்புறம் ஒரு ஆசையில் குளத்துக்கும் கொண்டு போனேன். சாக்கடை வந்து விழுகிற ஓரத்தில் பாஸ்பேட் மருந்து கடும் நீலமானது, மடைப் பக்கம் லேசான நீலம்தான். ஆகாயத்தாமரை தின்று கொழுப்பது இந்தச் சத்தைத்தான். சாக்கடையை விட்டுவிட்டு எத்தனை முறை வாரினாலும் அது திரும்ப மூடுகிறது, அடியில் மீனுக்குக் காற்று கிடைப்பதில்லை. இங்கே ஒரு குளத்து மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்களும் மேலே இருந்து வருகிற தண்ணீரை வாங்கித்தானே நிறைகின்றன? அதை நினைத்தால் மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விளக்கத்தாளில் தமிழே கிடையாது. எனக்கு வந்த அம்மோனியா மருந்து ஒழுகியிருந்தது, மூன்று முறை கூப்பிட்டும் கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. இதில் கிருமி உண்டா இல்லையா என்றுதான் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

இருந்தாலும் 5-க்கு 4 தருகிறேன். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, ஒரு வீட்டில் தீராது, அதனால் நாலைந்து வீடு சேர்ந்து வாங்குங்கள். எங்கள் பெட்டி இப்போது தெருமுனை வீட்டில் இருக்கிறது, நேற்று ராத்திரிதான் அவர்கள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.