வலையும் விழித்திரையும்: ஓர் எழுத்துக்கட்டை விளையாட்டு

செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் என் மகளுக்காக, இராமநாதபுரத்தில் எழுதுபொருள் கடை ஒன்றில் 690 ரூபாய்க்கு ஒரு சொல் விளையாட்டுப் பெட்டி வாங்கினேன். ஆங்கில எழுத்துகள் பொறித்த 120 மரக்கட்டைகளும், உடற்கூற்றுச் சொற்கள் அச்சிட்ட 60 அட்டைகளும் அதில் உள்ளன. அட்டையிலுள்ள சொல்லைக் கட்டைகளால் அடுக்கி, பின்னர் அதே எழுத்துகளை இடம் மாற்றி வேறொரு சொல் ஆக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தில் முதற்சொல்லின் இலத்தீன் வேர் விளக்கப்பட்டிருக்கும். கீழக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் விடுமுறை முழுவதும் ஆடிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தமிழில் 'கதவு' என்பதன் எழுத்துகளை இடம் மாற்றினால் 'தகவு' கிடைக்கிறதல்லவா, ஆட்டம் அத்தகையதுதான். முன்கை எலும்பாகிய 'அல்னா'வைக் (ulna) கலைத்தால், இலத்தீனில் நிலவைக் குறிக்கும் 'லூனா' (luna) வருகிறது. தசையைக் குறிக்கும் 'மசில்' என்ற சொல் சிற்றெலி என்று பொருள்படும் 'மஸ்குலுஸ்' என்பதிலிருந்து வந்தது என்று ஓர் அட்டை சொல்ல, என் மகள் கையை மடக்கி நீட்டித் தோலுக்கடியில் எலி ஓடுகிறதா என்று பார்த்தாள். அதன்பின் அந்தச் சொல் அவளுக்கு மறக்கவே இல்லை. இந்த வகையில் பெட்டி கொடுத்த விலைக்குத் தகுதியானதே.

விழித்திரைக்குரிய 'ரெட்டினா' (retina) அட்டையில்தான் எனக்குக் குறை. அதன் எழுத்துகளைக் கலைத்தால் 'தக்கவைத்தல்' என்னும் பொருளுடைய 'ரீடெய்ன்' (retain) வரும். அதுவரை சரி. ஆனால் பின்புற விளக்கம், காட்சியைத் தக்கவைப்பதால்தான் விழித்திரைக்கு அந்தப் பெயர் வந்தது என்று கூறுகிறது. இது பிழை. 'ரீடெய்ன்' என்பது பிடித்துவைத்தலைக் குறிக்கும் 'ரெட்டினேரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. 'ரெட்டினா'வோ வலை என்று பொருள்படும் 'ரேட்டே'யைச் சேர்ந்தது. எழுத்துகள் ஒன்றாய் அமைந்ததால் சொற்கள் உறவாகிவிடுவதில்லை. கதவுக்கும் தகவுக்கும் என்ன உறவு?

உண்மையான வரலாறு அட்டையில் உள்ளதைவிட அழகானது. எங்கள் கரைக்கு மிக அருகில் நிற்பதும்கூட. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இந்தப் படலத்தை 'வீச்சுவலை போன்றது' என்று அழைத்தார்கள். அவர்களுடைய நூல்கள் அரபுக்குப் பெயர்க்கப்பட்டபோது அது 'ஷபக்கிய்யா' ஆயிற்று. பிறகு 12ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் டொலேடோ நகரில், மருத்துவ அறிஞர் இப்னு சீனாவின் அரபு நூலை இலத்தீனில் பெயர்த்த கிரெமோனாவின் ஜெரார்டு என்னும் மொழிபெயர்ப்பாளர், அந்த அரபுச் சொல்லின் பொருளை வைத்தே 'ரெட்டினா' என்று எழுதினார். மதரசாவில் பல ஆண்டுகள் ஓதிக்கொடுத்த பக்கத்து வீட்டுக் காக்காவிடம் (அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்) இதைச் சொன்னபோது, அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷபக்கா என்றால் வலைதானே தங்கச்சி, இதிலே சந்தேகம் என்ன?" என்றார். கீழக்கரையில் ஒரு திண்ணையிலேயே தீர்ந்துவிடக்கூடிய பிழையை அச்சிடுமுன் ஒருவரும் சரிபார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மறுநாள் மாலை என் மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் வீச்சுவலையை விசிறியெறிந்து, நடுக்கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார். விரிந்திருந்த வலை ஒடுங்கி, ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்க, மணி போன்ற வடிவில் நீர் சொட்டிக்கொண்டு மேலே வந்தது. விழித்திரையும் பின்னால் பார்வை நரம்பு வெளியேறும் இடத்திலும், முன்னால் அதன் விளிம்பிலும் மட்டுமே உறுதியாகப் பற்றியிருக்கிறது. எஞ்சிய பரப்பு அடியிலுள்ள அடுக்கின் மேல் படிந்திருக்கிறதே தவிர, இறுகப் பிணைந்திருப்பதில்லை. கயிற்றில் தொங்கும் வலையைப் பார்த்தபடி இதைச் சொன்னபோது, விழித்திரை விலகல் என்னும் நோய் ஏன் வருகிறது என்பதும் தனக்குப் புரிந்துவிட்டது என்றாள். நம் தமிழ்ச் சொல்லில் உள்ள 'திரை' மறைப்புச் சீலையையும் குறிக்கும், கடல் அலையையும் குறிக்கும் என்பதை அங்கேயே நினைத்துக்கொண்டேன். ஆனால் அலையிலிருந்துதான் விழித்திரை வந்தது என்று சொல்லிவிட்டால் நானும் அட்டைக்காரர்கள் செய்த பிழையையே செய்தவளாவேன்.

விளையாட்டாகப் பார்த்தாலும் இந்த அட்டை கஞ்சத்தனமானது. 'ரெட்டினா'வோடு ஓர் 'எஸ்' கட்டையைச் சேர்த்தால் 'நாஸ்டியர்', 'ஸ்டெய்னர்', 'ரீடெய்ன்ஸ்', பிசின் மணமுள்ள கிரேக்க மதுவின் பெயரான 'ரெட்சினா' எனப் பல ஏழெழுத்துச் சொற்கள் கிடைக்கும். ஸ்க்ராபிள் என்னும் எழுத்துக்கட்டை விளையாட்டை ஆடுபவர்கள் இந்த ஆறு எழுத்துகளைப் பொன்னாகப் போற்றுவதன் காரணம் இதுவே. அங்கே கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். இந்தப் பெட்டியின் விதிகளோ ஒரே ஒரு விடையை மட்டும் ஏற்கின்றன. நாங்கள் அந்த விதியைக் கைவிட்டு ஆடினோம். ஆட்டம் இருமடங்கு சுவைத்தது.

கட்டைகள் வழவழப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கின்றன. அட்டைப்பெட்டி மட்டும் எங்கள் உப்புக்காற்றுக்கு மூன்றே வாரங்களில் நமுத்து மூலை பிரிந்துவிட்டதால், எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்கு மாற்றிவிட்டேன். கடலோரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுவது நல்லது. மருத்துவமோ செவிலியமோ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தயங்காமல் வாங்கலாம். வாங்கியதும் 'ரெட்டினா' அட்டையைத் திருப்பி, அச்சிட்ட விளக்கத்தை அடித்துவிட்டு, 'வலை' என்று பேனாவால் எழுதிவையுங்கள்.