மூன்று கடிதங்களும் ஒரு நோர்மன் மாளிகையும்

இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் பதினாறு வருடம் வீட்டு வேலை. அப்புறம் 2010இல் வடக்கே எமிலியா ரொமாஞ்ஞா மாகாணத்திலுள்ள பொலோஞ்ஞாவுக்கு வந்து, பொதி கட்டும் இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரண்டு ஊரிலும் வாழ்ந்தவன் என்றுதானோ என்னவோ, மகள் இத்தாலிய மாகாண சபைகள் பற்றிய இந்தப் புத்தகத்தை சாலாபோர்சா நூலகத்திலிருந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இது பாடம். "அப்பா, உங்கட கதைதான் இது" என்றாள்.

என் கதை ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் இரண்டு கிழமையில் படித்து முடித்துவிட்டேன்.

ஹாவர்ட் பல்கலைக்கழக அரசறிவியல் பேராசிரியர் றொபேட் புட்னம், லெயோனார்டி, நனெட்டி என்ற இருவரோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட புத்தகம். ஆங்கிலத்தில் 'மேக்கிங் டெமோக்கிரசி வேர்க்', சனநாயகத்தை இயங்கவைத்தல் என்று சொல்லலாம். நான் படித்தது இத்தாலிய மொழிபெயர்ப்பு. இத்தாலியில் ரெஜோனே என்பார்கள், நம் வாயில் மாகாணம் என்றே வரும். சிசிலி போன்ற ஐந்து மாகாணங்களுக்கு முன்பே தனி அந்தஸ்து இருந்தது. மற்றப் பதினைந்துக்கும் 1970இல் சபை கிடைத்தது. அதிகாரமும் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சில இடத்தில் சபை நன்றாக ஓடியது, சில இடத்தில் படுத்துவிட்டது. ஏன் என்று கேட்டுக்கொண்டு இவர்கள் இருபது வருடம் திரிந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கடிதச் சோதனை. 1983 ஜனவரியில், சாதாரண ஆட்கள் எழுதுவதுபோல ஒவ்வொரு மாகாணக் கந்தோருக்கும் மூன்று கடிதம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் வருத்தம் வந்து மருத்துவத்துக்குச் செலவழித்த காசை எப்படித் திரும்பப் பெறுவது என்று ஒன்று. பள்ளிக்கூடம் முடிக்கும் தம்பிக்குத் தொழிற்பயிற்சி எங்கே கிடைக்கும் என்று ஒன்று. புதுப் பயிர் வைக்கக் கடனும் மானியமும் உண்டா என்று இன்னொன்று. வடக்கே எமிலியா ரொமாஞ்ஞாவிலும் வாலே தாஓஸ்தாவிலும் இரண்டு கடிதத்துக்கு ஒரு கிழமைக்குள் விவரமாகப் பதில் வந்தது. மூன்றாவதற்கு ஒரு போன் போதுமாக இருந்தது. தெற்குப் பக்கத்துக் கலாப்ரியா, கம்பானியா, சார்தேஞ்ஞா மூன்றிலும் ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை.

படித்ததும் சிரிப்பு வந்தது. இங்கே வடக்கில் ஒரு கந்தோருக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஐந்து மாதமாகப் பதிலே இல்லை. எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. கடைசியில் நேரே போய் நின்றபோது, கடிதம் மேசை லாச்சிக்குள் உடைக்காமல் கிடந்தது. புட்னம் என்னுடைய கடிதத்தையும் கணக்கில் எடுத்திருந்தால் எமிலியாவின் புள்ளி கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சரி, ஒரு கடிதத்தை வைத்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிட முடியாது. கந்தோர்ப் பதில் அவருடைய பன்னிரண்டு அளவுகோலில் ஒன்றுதான். குழந்தைகள் காப்பகம் இன்னொன்று. 1983 முடிவில் எமிலியா ரொமாஞ்ஞாவில் 400 பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம், கம்பானியாவில் 12,560 பிள்ளைகளுக்கு ஒன்று. இந்த வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே பலெர்மோவில் வீடு வீடாகத் தரை துடைத்தவள் அவள். மகனை இங்கே காப்பகத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். "இதுக்கு ஒரு புத்தகம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காசு வித்தியாசம் மட்டும் காரணமில்லை, ஊர்ச்சனம் தாமாகக் கூடி நடத்தும் சங்கங்கள்தான் காரணம் என்பது புட்னமின் வாதம். பந்து விளையாடும் கழகம், பாட்டுக் குழு, கலை மன்றம் எத்தனை, எத்தனை வீட்டில் பத்திரிகை வாசிக்கிறார்கள், பொது வாக்கெடுப்புக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்றெல்லாம் எண்ணியிருக்கிறார். தேர்தலில் கட்சிக்கு மட்டும் வாக்குப் போடாமல் 'என் ஆள்' என்று தனிப்பெயருக்கும் விருப்பு வாக்குப் போடுவது மிகுந்த இடத்தில் சபை மோசமாக நடக்கிறதாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஐயா ஒன்பது வருடம் செயலாளர். காலையில் வீரகேசரியும் ஈழநாடும் வந்ததும், எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரத்து வாசிப்பார். கிணறு இறைப்பது, ஒழுங்கைக்கு மண் போடுவது எல்லாம் அந்த வாங்கில் இருந்துதான் தீர்மானமாகும். ஆகவே புட்னம் சொல்வதை ஏற்க எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. வடக்கில் 1100 அளவில் நகரத்தார் தாமே கூடி ஆண்டார்கள், தெற்கில் பிரான்சிலிருந்து வந்த நோர்மன் வம்சத்து அரசன் மேலிருந்து ஆண்டான், இன்றைய வித்தியாசத்தின் வேர் அங்கே இருக்கிறது என்கிறார். பலெர்மோவிலுள்ள அந்த நோர்மன் மாளிகையில்தான் இன்றும் சிசிலியின் மாகாண சபை கூடுகிறது. எத்தனையோ நாள் அதன் மதிலோரம் நடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். எண்ணூறு வருடத்துக்கு மேல் ஒரு சனத்தின் முதுகில் ஒரே மூட்டையா? சிட்னி டாரோ என்ற இன்னொரு அரசறிவியலாளர் 1996இல் இதை விமர்சித்து, அரசு செய்ததை எங்கே காணோம் என்று கேட்டிருக்கிறாராம். மகள்தான் சொன்னாள். 1861இல் நாடு ஒன்றானபின் தெற்கை ஆண்டது யார் என்று நானும் கேட்பேன்.

புட்னம் ஒன்றை மறைக்கவில்லை, அது அவருடைய நேர்மை. தெற்கு மாகாணமொன்றின் தலைவர் இந்த முடிவைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நான் என்ன செய்தும் பயனில்லையா என்று நொந்துபோனதைக் கடைசியில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தத் தலைவருக்கு நான் ஒரு காலையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். பலெர்மோவில், 2004 ஜூன் 29. வேலைக்குப் போகும் வழியெல்லாம் கம்பங்களில் கறுப்புக்கரை போட்ட சிறு நோட்டீஸ்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், நம் ஊரிலும் மதிலில் அப்படித்தானே ஒட்டுவார்கள். கிட்டப் போய் வாசித்தால், மாஃபியாவுக்குக் கப்பம் கட்டும் சனம் மானமில்லாத சனம் என்று இருந்தது. இரவோடிரவாக ஒட்டியவர்கள் இளம் பொடியள், அதன் பிறகு அவர்கள் 'அத்தியோபித்சோ' (கப்பத்துக்கு விடை) என்ற சங்கமாக எழுந்தார்கள். கப்பம் கட்ட மறுத்த கடைகளின் பட்டியலைப் பார்த்துச் சாமான் வாங்கப் பலெர்மோச் சனம் பழகியது. நான் வெளிக்கிட்டு மூன்று வருடத்தில், 2013இல், குடியேறிகள் தாமே வாக்குப் போட்டு ஆட்களைத் தெரிவு செய்யும் ஆலோசனை அவையை அந்த நகரசபை அமைத்தது. வாக்குப் போட்டுவிட்டு மச்சான் போன் எடுத்தான். இத்தாலிக்கு வந்து இத்தனை வருடத்தில் அவன் போட்ட முதல் வாக்கு.

1993இல் வந்த புத்தகத்தில் இதெல்லாம் இருக்க வழியில்லை, அது அவர் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவக்காரரும் வேதக்காரரும் சேர்ந்து பலெர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெல்லெக்ரினோ மலை ஏறுவோமே, அதை எந்த அட்டவணையில் போடுவார் என்றுதான் யோசிக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், முதலில் நூலகத்தில் எடுங்கள். நடுவில் வரும் புள்ளிவிவரப் பக்கங்களை நானும் புரட்டித்தான் விட்டேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் பலெர்மோக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.