முதியோருக்கான ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ்: ஓர் எச்சரிக்கை

வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்து, அவர்களுக்கு ஆண்டுதோறும் ‘முழு உடல் பரிசோதனை’ செய்தே ஆக வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்துவிடுங்கள். என் தந்தைக்கு வயது 76. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எழுந்து நிற்கும்போது லேசாகத் தலை சுற்றுகிறது என்பதைத் தவிர வேறு எந்தத் தொந்தரவும் அவருக்கு இல்லை. அதைக் கேட்கத்தான் அந்த மருத்துவமனைக்குச் சென்றோம். வரவேற்பில் இருந்தவரோ, “இந்த வயசுல எதையும் விட்டுவைக்கக் கூடாது சார்” என்று சொல்லி, இரண்டு பக்கம் நீளும் பேக்கேஜ் ஒன்றை எங்கள் தலையில் கட்டினார். மருத்துவர் ஆலோசனை என்பது அதன் கடைசி வரியாக இருந்தது.

அறிக்கையில் பி.எஸ்.ஏ. என்ற எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியுடன் அச்சாகியிருந்தது. அது புராஸ்டேட் சுரப்பி தொடர்பான ரத்தப் பரிசோதனை. அதை எடுக்கப்போவதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. வயது ஏறும்போதும், சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அந்த அளவு கூடும் என்பதை விளக்காமல், சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவும் சொல்லாமல், நேராக பயாப்ஸிக்கு, அதாவது சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதற்கு, நாள் குறித்தார்கள். மலக்குடல் வழியாக ஊசி செலுத்தி எடுக்கும் பயாப்ஸி அது. அதற்குப் பின் குளிர்காய்ச்சலுடன் தொற்று ஏற்பட்டு, அவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. முடிவில் புற்றுநோய் இல்லை, வயதுக்கேற்ற வீக்கம்தான் என்றார்கள், ஏதோ எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதைப் போல.

70 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களுக்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோது, பி.எஸ்.ஏ. மூலம் புராஸ்டேட் புற்றுநோயைத் தேட வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வதால், அதைத் தேடிப்போய் வரும் கெடுதல் அந்த வயதில் நன்மையை மிஞ்சிவிடுகிறது. அறிகுறியில்லாத பெண்களுக்கு சூலகப் புற்றுநோயைத் தேடும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையையும், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பைத் தேடும் ஸ்கேனையும் அதே குழு வேண்டாம் என்கிறது. இவை இரண்டும் எங்கள் கையில் கொடுத்த விளம்பரத் தாளில் ‘பிரீமியம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘இயல்பான அளவு’ என்று அச்சிடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும் எல்லைதான். ஆகவே ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே போவதற்கு ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. பட்டியல் நீள நீள அம்புக்குறிகள் கூடும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் அடுத்த ஸ்கேன் காத்திருக்கும்.

பரிசோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு, 65 வயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு அடர்த்தி ஆகியவற்றைப் பார்ப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. பார்வை, செவித்திறன், கீழே விழும் அபாயம், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு மருத்துவர் உட்கார்ந்து விசாரிப்பதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும், “இதில் அளவு கூடுதலாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், அதை இந்த வயதில் செய்வதால் இவருக்கு என்ன பயன்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். முடியாது, மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

தலைச்சுற்றலுக்குக் காரணம் பிறகு வேறொரு மருத்துவரிடம் தெரிந்தது. அவர் தந்தையைப் படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது அது வெகுவாக இறங்கியது. மாத்திரையின் அளவைக் குறைத்ததும் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. முதல் மருத்துவமனையின் அத்தனை பக்க அறிக்கையில் ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை, உட்கார்ந்த நிலையில் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் எழுதி நாங்கள் கொடுத்த புகாருக்கு இதுவரை வந்த ஒரே பதில், அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கான சலுகைக் கூப்பன்.