யூமிக்-1 மைக்: சப்வூஃபர மாத்துறதுக்கு முன்னாடி இத வாங்கியிருக்கணும்

எட்டு மாசமா என் 12 இன்ச் சப்வூஃபர (பேஸ் சத்தத்துக்குன்னே உள்ள ஸ்பீக்கர்) திட்டிட்டே இருந்தேன். சில பாட்டுல பீரோ கதவு அதிருற அளவுக்கு "டும்ம்ம்ம்"னு இழுக்கும், அடுத்த பாட்டுல சப் ஆன்ல இருக்கான்னு எந்திரிச்சுப் போய் லைட்ட பாத்துட்டு வருவேன். வித்துட்டு 15 இன்ச் வாங்கிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அப்பதான் ஒருத்தர், அளந்து பாக்காம எதையும் விக்காதய்யான்னு சொன்னாரு. சரின்னு ரூம்ல சத்தம் எப்படி விழுதுன்னு அளக்குறதுக்குன்னே உள்ள, மினிடிஎஸ்பி கம்பெனியோட யூமிக்-1 மைக் வாங்கினேன். ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டுதான் இத எழுதுறேன்.

யூஎஸ்பில குத்தினா லேப்டாப் உடனே எடுத்துக்குது, தனியா ப்ரீஆம்ப், சவுண்ட் கார்டுன்னு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சீரியல் நம்பர், அத அவங்க சைட்ல போட்டா அந்த மைக்கோட பிழைய சரி பண்ற, அதுக்குன்னே உள்ள காலிபரேஷன் ஃபைல் டவுன்லோட் ஆகும். ரெண்டு ஃபைல் வரும், மைக்க ஸ்பீக்கர் பக்கம் நீட்டி வச்சா ஒண்ணு, கூரைய பாத்து நிமித்தி வச்சா 90 டிகிரின்னு இன்னொண்ணு. பேஸ்க்கு மட்டும்னா எப்படி வச்சாலும் பெருசா வித்தியாசம் இல்ல. நான் முத நாள் அந்த ஃபைலயே லோட் பண்ணாம அளந்துட்டு உக்காந்திருந்தேன், அது என் கூறு.

சாஃப்ட்வேர் ரூம் ஈக்யூ விசார்ட், சுருக்கமா ரெவ்வுன்னு சொல்லுவாங்க, ஃப்ரீதான். முத தடவ திறந்தா எங்க பாத்தாலும் பட்டன், பயந்துடாதீங்க. நமக்கு வேண்டியது மெஷர் பட்டன், 15ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறிட்டே போற ஒரு சத்தம், அதுக்கு ஸ்வீப்னு பேரு, அவ்ளோதான். ஸ்மூத்திங் மட்டும் போடாதீங்க, போட்டா மேடு பள்ளமெல்லாம் அமுங்கி கிராஃப் அழகா தெரியும், அத பாத்து ஏமாந்து போயிடுவோம்.

முத கிராஃப் வந்ததும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. 41 ஹெர்ட்ஸ்ல ஒரு மலை, 50 பக்கத்துல ஒரு கிணறு. என் ரூம் நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.4. ஒலி ஒரு செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, அத நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 40.8, அகலத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 50.4. எதிரெதிர் சுவத்துக்கு நடுவுல மோதி மோதி ஒண்ணு சேர்ற சத்தம் இந்த நம்பர்லதான் வரும். கால்குலேட்டர்ல அரை நிமிஷத்துல வர்ற நம்பர், எட்டு மாசமா சப் மேல பழிய போட்டுட்டு இருந்திருக்கேன். பேஸ் கிதார்ல சும்மா விட்டு அடிக்கிற ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ், அதே கம்பில மூணாவது ஃப்ரெட் ஜி, அது 49. அதாவது வாசிக்கிறவன் ஒரே மாதிரிதான் அடிக்கிறான், என் சோஃபால ஈ மட்டும் இடி மாதிரி விழுது, மூணு ஃப்ரெட் தள்ளி ஜி காணாமப் போயிடுது!

காரணம் உக்கார்ற இடம். சோஃபா பின் சுவத்த ஒட்டி கெடந்துச்சு, நீளவாக்குல வர்ற அந்த 41க்கு சுவத்துக்கிட்டதான் அழுத்தம் உச்சம். அகலத்துல சரியா நட்ட நடுவுல உக்காந்திருந்தேன், 50க்கு அந்த நடுக்கோட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. சோஃபாவ ஒரு மீட்டர் முன்னாடி இழுத்தேன், மலை ஒரு 3 டெசிபல் எறங்குச்சு. நடுவுல இருந்து ஒரு அர மீட்டர் தள்ளி உக்காந்தேன், கிணறு பாதி தூந்துருச்சு. ஸ்டீரியோ கொஞ்சம் ஒரு பக்கமா சாயுதுதான், ஆனா எனக்கு ஜி வேணும்.

அடுத்து சப்ப தூக்கி சோஃபா மேல நான் உக்கார்ற எடத்துல வச்சுட்டு, பேஸ் அதிகம் உள்ள பாட்டு ஒண்ண திரும்பத் திரும்ப ஓட விட்டு, சுவரோரமா தரையில தவழ்ந்து எங்க சமமா கேக்குதுன்னு தேடினேன், சப்பும் காதும் எடம் மாத்திக்கிட்டாலும் கேக்குறது ஒண்ணுதான். வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பாத்துட்டு "என்னங்க, காதுல இருந்து எதாவது விழுந்துருச்சா?"ன்னாங்க. முன் மூலையிலயே இருந்த சப்ப கடைசில பக்கவாட்டு சுவத்துல, முன்னாடி இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல வச்சேன். காது காட்டின எடத்த மைக்கும் ஒத்துக்கிச்சு. இந்த நகத்தல்லயே பாதி வேலைக்கு மேல முடிஞ்சுது, மைக் காசத் தவிர வேற செலவே இல்ல.

மிச்ச மலைய வெட்ட அதே கம்பெனியோட 2x4 ஹெச்டி பெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸ்ல மட்டும் சத்தத்த ஏத்தி எறக்குறது இது. ரிசீவரோட (ஸ்பீக்கரெல்லாம் ஓட்டுற ஆம்ப் பெட்டி) சப் அவுட்டுக்கும் சப்புக்கும் நடுவுல ஆர்சிஏ கேபிள்ல மாட்டணும், ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 10 ஃபில்டர் போடலாம், எனக்கு மூணு போதும்னு ஆச்சு. 41ல 6 டெசிபல் வெட்டினதும் சத்தம் மட்டும் இல்ல, இழுவையும் கொறஞ்சுது, சத்தம் எவ்ளோ நேரத்துல அடங்குதுன்னு காட்டுற வாட்டர்ஃபால் கிராஃப்ல அந்த வால் நல்லா சுருங்கினது தெரிஞ்சுது.

இங்க ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. மிச்சமிருந்த 50 ஹெர்ட்ஸ் பள்ளத்த ஏத்தி விடலாம்னு 10 டெசிபல் பூஸ்ட் போட்டேன். 10 டெசிபல்னா ஆம்ப்ளிஃபயருக்கு பத்து மடங்கு பவர். சப்போட கோன் (முன்னும் பின்னும் ஆடுற அந்தத் தட்டு) வெளிய வந்து விழுற மாதிரி ஆடுச்சு, கிராஃப் ஏறினத விட சப் திணறினதுதான் மிச்சம். ஒண்ண ஒண்ணு அடிச்சு காலி பண்ற எடத்துல எவ்ளோ ஊத்தினாலும் பெரும்பகுதி அங்கயே காலியாகும். மேட்ட வெட்டுங்க, பள்ளத்துக்கு எடத்த மாத்துங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி ரிசீவர்ல இருக்கிற, தானா அளந்து சரி பண்ற ஆட்டோ செட்டப்ப ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன், சோஃபா சுவத்தோட ஒட்டி இருந்தவரைக்கும் அதால ஒண்ணும் பண்ண முடியல. "பேஸ் ட்ராப்"னு சொல்லி ஒரு கடையில 5 செ.மீ. ஃபோம் வேற தலையில கட்டினாங்க. 41 ஹெர்ட்ஸோட அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல, இந்த ஃபோம் அத என்ன பண்ணும்? பேச்சுக் குரல் எதிரொலி கொறஞ்சுது, அந்த மட்டுக்கும் லாபம்.

கடைசியா 80 ஹெர்ட்ஸ், அங்கதான் சப்பும் ஸ்பீக்கரும் கை மாத்திக்குது. சப்போட போலாரிட்டிய (கோன் முன்ன போறதா பின்ன போறதாங்கிற திசை) தலைகீழா போட்டுட்டு, ரிசீவர்ல சப் தூரத்த கொஞ்சம் கொஞ்சமா மாத்தி அந்த எடத்துல எப்ப ரொம்ப ஆழமா குழி விழுதுன்னு பாத்தேன், விழுந்ததும் போலாரிட்டிய நேராக்கிட்டேன், அழகா சேந்துக்கிச்சு. இதெல்லாம் மைக் இல்லாம நெனச்சே பாக்க முடியாது.

கிராஃப் இப்பவும் நேர்க்கோடு இல்ல, மேலயும் கீழயும் ஒரு 4 டெசிபலுக்குள்ள ஆடுது, பேஸ வேணும்னே கொஞ்சம் தூக்கி விட்டிருக்கேன், தட்டையா வச்சா எனக்கு உப்பு சப்பில்லாம இருக்கு. சோஃபாவோட அந்தப் பக்கம் உக்கார்றவங்களுக்கு வேற கதை, ரெண்டாவது சப் வாங்கினாதான் எல்லா சீட்டும் ஓரளவு ஒண்ணாகும். ஹார்மன் கம்பெனில டாட் வெல்ட்டி 2002லயே எத்தன சப் எங்கெங்க வைக்கலாம்னு அலசிட்டாரு, எதிரெதிர் சுவத்தோட நடுவுல ஒவ்வொண்ணு வச்சாலே நல்லா வருதுன்னு. வீட்ல இன்னும் பேச்செடுக்கல.

மைக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, பெட்டிக்கு நாலு, ஏன்னா எடத்த மாத்தினாலே நெறய பேருக்கு அது தேவைப்படாது. மைக் இப்ப எங்கிட்ட இல்ல, சப்ப விக்கப் போறேன்னு நின்ன ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருக்கான். நேத்து ராத்திரி ஒரு ஃபோட்டோ அனுப்பினான், ஹால் நடுவுல சோஃபா, அது மேல சப்வூஃபர்.