சிங்க்திங் இன்ட்ரடியூசர்: மூன்று வருட அனுபவம்

வீட்டுப் படங்களை எந்தக் கிளவுடிலும் ஏற்றாமல் சொந்தக் கருவிகளிலேயே வைத்துக்கொள்ள, கருவிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற மென்பொருளை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். என் லேப்டாப், எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு போன், ஊரில் அப்பாவின் கணினி, தங்கையின் போனும் லேப்டாப்பும், அலமாரியில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி (சுருக்கமாகப் பை). மொத்தம் 7.

இதில் ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து ஐடி உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால்தான் கோப்புகள் போகும். 7 கருவிகளும் தங்களுக்குள் நேரடியாகப் பேச 21 ஜோடிகள் சேர வேண்டும். முதல் வாரம் அப்பா போனில் எழுத்து எழுத்தாக வாசிக்க, "பி-யா, டி-யா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு மாலை போய்விட்டது.

அப்புறம்தான் இன்ட்ரடியூசர் வசதியைப் பார்த்தேன். மற்ற ஆறிலும் பை-யை மட்டும் சேர்த்து, அந்த ஆறிலும் பை-யை இன்ட்ரடியூசர் (அறிமுகம் செய்பவர்) என்று டிக் செய்தேன். ஒரே ஃபோல்டரைப் பை யாரோடெல்லாம் பகிர்கிறதோ, அவர்களை அதுவே அறிமுகம் செய்துவைக்கிறது. ஆறே இணைப்பில் வேலை முடிந்தது. அறிமுகம் ஆனபின் கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. இங்கே கரண்ட் போய்ப் பை அணைந்தாலும் தங்கையின் படங்கள் அப்பாவுக்குப் போய்ச் சேர்கின்றன. இதற்காகவே எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. எங்கள் போன்களில் அதே நிரலை வைத்து வேறு ஆட்கள் தொடரும் ஃபோர்க் செயலியைப் புதிதாக நிறுவினேன், ஐடிகள் மாறின. பை-யில் மட்டும் சேர்த்தேன். ஊரிலிருந்த கணினியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பழைய ஐடிகளை நீக்கும்போதுதான் சிக்கல். பை-யில் நீக்கினால் அது அறிமுகம் செய்த இடங்களிலும் தானாகப் போக வேண்டும். ஆனால் நீக்க நீக்க மறுபடி வந்தன. காரணம், என் லேப்டாப்பையும் பை-க்கு இன்ட்ரடியூசராக வைத்திருந்தேன். ஒன்றில் நீக்கியதை மற்றது திரும்ப அறிமுகம் செய்துகொண்டே இருந்தது. பை-யில் அந்த டிக்கை எடுத்ததும் சரியானது. தயவுசெய்து இரண்டு கருவிகளை ஒன்றுக்கொன்று இன்ட்ரடியூசராக வைக்காதீர்கள். கையால் சேர்த்த கருவிகளை இன்ட்ரடியூசர் நீக்காது. அவற்றை நாமேதான் நீக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துத்தான் டிக் செய்ய வேண்டும். இன்ட்ரடியூசர் கருவி யார் கையில் இருக்கிறதோ, அவர் அந்த ஃபோல்டருக்குள் யாரையும் கூட்டி வரலாம். நம் கருவி நம்மைக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். பை என் வீட்டில், என் பாஸ்வேர்டில் இருப்பதால் குடும்பப் படங்களுக்குச் சம்மதம். நண்பர்களோடு பகிரும் வேலை ஃபோல்டருக்கு மட்டும் இன்றும் ஐடியை வாங்கி, ஒருமுறை சரிபார்த்து, நானே சேர்க்கிறேன்.