பழைய ஜியானா, ரைசன் 5700ஜி-யா: வீட்டில் விஎம் ஓட்ட எது?

நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களை (சுருக்கமாக விஎம், ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை) ராத்திரி பகலாக ஓட்ட வீட்டில் ஒரு கணினிப் பெட்டி வேண்டியிருந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு ப்ராசஸர்கள்: செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் இன்டெல்லின் சர்வர் ப்ராசஸர் ஜியான் ஈ5-2680 வி4, இல்லையென்றால் ஏஎம்டியின் ரைசன் 7 5700ஜி. வாங்கியது ரைசன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

விர்ச்சுவலைசேஷன் வசதி இரண்டிலும் உண்டு. பயாஸில் (கணினி கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அது அணைந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், எனக்கு அதிலேயே அரை நாள் போனது.

காகிதத்தில் ஜியான்தான் பெரிய ஆள்: 14 கோர் (வேலை செய்யும் அலகு), 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). ரைசனில் 8 கோர், 16 த்ரெட். ஆனால் வீட்டு விஎம்கள் பாதி நேரம் சும்மா கிடப்பவை. விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு பை-ஹோல், ஒரு ஃபைல் சர்வர், உபுண்டு லினக்ஸ் ஒன்று, எப்போதாவது விண்டோஸ், இதற்குக் கோர் தீருமுன் ரேம் தீர்ந்துவிடும். விண்டோஸ் விஎம்மைத் திறந்து உட்கார்ந்தால் தெரிவது ஒற்றைக் கோரின் வேகம்தான், அதில் 2016-இல் வந்த ஜியான் உச்ச வேகமான டர்போவிலேயே 3.3 கிகாஹெர்ட்ஸ், 5700ஜி 4.6 வரை போகும்.

சரி, கரண்ட் பில்லுக்கு வருவோம், முடிவு செய்தது அதுதான். டிடிபி (ப்ராசஸர் வெளிவிடும் வெப்பத்துக்கான வாட் அளவு) ஜியானின் 120 வாட்டா ரைசனின் 65 வாட்டா என்பது முழு வேலையின்போது பார்க்க வேண்டிய கணக்கு. நாள் முழுக்க ஓடும் பெட்டியில் சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதே பேச்சு. ஜியானில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, திரையில் எதையாவது பார்க்கத் தனி கார்டு செருக வேண்டும், அதுவும் தன் பங்குக்குத் தின்னும். வித்தியாசம் வெறும் 40 வாட் என்றே வைத்துக்கொள்வோம், 60 நாளில் கிட்டத்தட்ட 58 யூனிட். ரைசனோடு சேர்த்து எங்கள் வீட்டு ரீடிங் 470-ஐ ஒட்டி நிற்கிறது, ஜியான் என்றால் 500-ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று நினைத்திருந்தேன். இல்லை, 101 முதல் 200 வரையிலான குறைந்த விலையும் கையோடு போய்விடும்.

ஜியானுக்கும் நியாயம் உண்டு. பழைய சர்வர் ரேம் மலிவு, கார்டுகள் ப்ராசஸரோடு பேசும் பிசிஐ லேன் 40, ரைசனோ 128 ஜிபி ரேமோடு நின்றுவிடும். கார்டுகளை விஎம்முக்கு நேரடியாகக் கொடுப்பதில் ஜியானுக்குக் கை ஓங்கியிருக்கும், ஆனால் நான் கொடுத்துப் பார்த்தது ஒரே ஒரு நெட்வொர்க் கார்டுதான், அதனால் இதில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு மட்டும் போட்டு, பத்துப் பன்னிரண்டு விஎம்மில் குபர்நெட்டிஸ் (பல கணினிகளில் மென்பொருட்களைப் பகிர்ந்து ஓட்டும் கருவி) பழகி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவேன் என்பவர் ஜியானே வாங்கலாம்.