ஏஎம்4, எல்ஜிஏ1700, ஏஎம்5: எந்த மதர்போர்டில் தலைவலி குறைவு?

கணினி கட்டப் போகிறவர்கள் பினாங்கில் என்னிடம் கேட்பதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான். நான் முதலில் பார்ப்பது வேறு. எல்லாவற்றையும் மாட்டியாயிற்று, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அப்போது கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடிக்க எந்தப் போர்டு இடம் கொடுக்கும்?

தலைப்பில் உள்ள மூன்றும் மதர்போர்டில் ப்ராசஸர் சிப்பு உட்காரும் சாக்கெட்டின் வகைகள்: ஏஎம்4-ம் ஏஎம்5-ம் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் சிப்புகளுக்கு, எல்ஜிஏ1700 இன்டெல் சிப்புகளுக்கு. ஏஎம்4 மலிவு, செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் 2016 முதல் ஒரே சாக்கெட்டில் பல தலைமுறைச் சிப்புகள் வந்துவிட்டன. சிப்பு கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. பழைய பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) உள்ள பி450 ரகப் போர்டுக்கு ரைசன் 5000 யாரென்றே தெரியாது. பி550 போர்டு ரைசன் 2000 வரிசையை ஏற்காது. இன்னொன்று, ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். திரையின் கேபிளைப் போர்டிலேயே செருகிவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு.

எல்ஜிஏ1700 மேல் நம்மவர்களுக்குப் பாசம் அதிகம். இன்டெல் 1972-இலேயே பினாங்குக்கு வந்த கம்பெனி. அதன் தொழிற்சாலை உள்ள பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த அக்காவோ மாமாவோ பல வீடுகளில் இருப்பார்கள். கையில் நல்ல டிடிஆர்4 ராம் (டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை நினைவகம்) இருந்தால் இதுவே சரியான தேர்வு. ஆனால் கவனம் தேவை: இந்தச் சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வகை ராமிலும் 288 முனைகள்தான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். இன்டெலின் முந்தைய சாக்கெட்டான எல்ஜிஏ1200-க்கு வாங்கிய சிப்பு கூலரும் நேரடியாகப் பொருந்தாது; துளை இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. 13, 14-ஆம் தலைமுறைச் சிப்பு போடுவதானால் பயாஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள். அந்தச் சிப்புகளைப் பாதித்த மின்னழுத்தச் சிக்கலுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து திருத்தங்கள் வந்தன.

எல்லாமே புதிதாக வாங்குவதானால் என் ஓட்டு ஏஎம்5-க்கு. டிடிஆர்5 மட்டும்தான், குழப்பமே இல்லை. எஃப் என்று முடியாத ரைசன் 7000, 9000 சிப்புகளில் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால், கார்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம். கோளாறு தேடுபவருக்கு இது பெரிய வரம். முதல் தடவை பவர் போட்டதும் போர்டில் ராமைக் குறிக்கும் ‘டிராம்’ விளக்கு எரிந்தபடி சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. ராமைப் பழக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான், பயந்து அணைத்துவிடாதீர்கள். ராம் இரண்டு துண்டுகளாகவே வாங்குங்கள். நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் ராம் வேகம் 3600 MT/s-க்கு இறங்கிவிடும்.

எந்தச் சாக்கெட்டானாலும், பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுக்குக் கூடுதல் ரிங்கிட் கொடுக்கத் தயங்காதீர்கள். சிப்பும் ராமும் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம். பவர் சப்ளை கேபிள்களை மாட்டி, ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் கோப்பை வைத்து, குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுக்கி முடியும்வரை சுவிட்சில் கை வைக்காதீர்கள். பொத்தான் இல்லாத போர்டுதான் கட்டுப்படியாகும் என்றால், பினாங்கு கொம்தாரிலோ கோலாலம்பூர் லோயாட்டிலோ காசு கொடுக்கும் முன்பே, உங்கள் சிப்புக்கு ஏற்ற பயாஸைக் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.